யாமினிக்கு ஜலதோஷம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் பதினொரு வயது மகள் யாமினி நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினாள். இடம் - வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு நீச்சல் குளம்.

விஷயம் இதுதான். பூஜா லீவுக்கு என் கணவரின் எல்டிசி பயணச் சலுகையில் அந்தமான் போகிறோம். அங்கே அப்பாவும் பெண்ணும் ஜோடியாக ஸ்கூபா டைவிங் செய்வதாகத் திட்டம். அதற்காகத்தான் குளத்தில் பயிற்சி. 'பத்து வயது ஆனால் போதும், கூடவே பெரியவர் ஒருவர் இறங்க வேண்டும்' என்றார்கள். எனக்குத்தான் பயம். இத்தனூண்டு பெண், முதுகில் சிலிண்டரோடு, தண்ணீருக்கு அடியிலா?

இறங்கும் முன் மெடிக்கல் ஃபாரம் தந்தார்கள். வீசிங் உண்டா, காது வலி உண்டா, ஜலதோஷம் உண்டா... அந்த வாரம் எங்கள் வீட்டில் மூக்கு அடைக்காத ஒரே ஆள் நான்தான். ஆனால் என் கணவர் கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரி; ஃபாரம் நிரப்புவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"எல்லாத்துக்கும் 'நோ' போடு. ஒண்ணுக்கு 'யெஸ்' போட்டாலும் அன்ஃபிட்டுன்னு உக்கார வெச்சிடுவான்."

அப்பா, பெண் இருவருக்கும் 'நோ' போட்டேன். பயந்தவள் ஏன் போட்டாய் என்கிறீர்களா? பழக்கதோஷம்! எங்கள் வீட்டில் மெடிக்கல் ஃபாரம் நிரப்புவதே அப்படித்தான்.

யாமினி நேராகப் பயிற்சியாளர் தீபாங்கரிடம் போனாள்.

"தீபாங்கர் தா, ஆமார் ஷோர்தி ஹோயெச்சே."

தீபாங்கர் அண்ணா, எனக்கு ஜலதோஷம் என்று, சுத்தமான பெங்காலியில்! அடைத்த மூக்கோடு இறங்கினால் காது சவ்வே கிழியலாம் என்று முதல் வகுப்பில் சொன்னாராம். மூன்று மாதமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அவர் ஃபாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

குணமானதும் வரச் சொல்லி அவளை உட்கார வைத்தார்.

"அப்பா, உங்களுக்கும்தானே..."

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

தமிழில் பேசியதால் தீபாங்கருக்குப் புரியவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

என் கணவர் இறங்கினார். ஐந்தே நிமிடம். காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். சவ்வு வீங்கியிருக்கிறது, டைவிங் இந்த வருஷம் வேண்டாம் என்கிறார் டாக்டர்.

குழந்தைகள் பத்திரமாக டைவிங் செய்ய முடியுமா? முடியாத காரியங்கள் உண்டு. அடியில் அப்பாவுக்கு மயக்கம் வந்தால் அவளால் அவரை மேலே இழுத்து வர முடியாது. அதற்கெல்லாம் பெரியவர்கள் வேண்டும். ஆனால் ஆசையை அடக்கிக்கொண்டு 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்ல அவளுக்குத் தெரிகிறது. நான் அவள் வயதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கூட இறங்குகிறவரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இப்போது ஜோடிக்கு ஆள் வேண்டுமே... என் பெயரில் புது ஃபாரம் வந்திருக்கிறது.

பேனாவைத்தான் யாமினி தர மாட்டேன் என்கிறாள்!