ரூபாய் செல்லாத கடலில் இரண்டு இரவு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. தண்டையார்பேட்டையில் என் பெயிண்ட் கடையிலிருந்து துறைமுக வாசலுக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எழுபது கேட்டு அறுபதுக்கு இறங்கினார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆர்பர்ல இன்னா வேல சார்?" என்றார். "வேலைக்கு இல்லீங்க. கப்பல்ல பயணி" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் அதிகம் விற்ற கடைக்காரர்களுக்கு ஒரு பெயிண்ட் கம்பெனி கொடுத்த பரிசு இது. வெளிநாட்டு உல்லாசக் கப்பல், இரண்டு இரவு. எந்த ஊரிலும் நிற்காது. நடுக்கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஞாயிறு காலை இதே துறைக்குத் திரும்பும். அறையும் சாப்பாடும் இலவசம். குடிக்கும் ஜூஸ், எடுக்கும் போட்டோ, பேசும் போன் எல்லாம் அவரவர் செலவு.

அன்று காலை காலடிப்பேட்டைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அண்ணன் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் செல்வி, ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். அண்ணன் காலில் ஆணி ஏறி, சர்க்கரை நோயால் புண் ஆறாமல் இரண்டு விரல் கறுத்துக் கிடந்தது. விரல்களை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் முடியாது என்றுவிட்டார். வீட்டில் அவர் கேட்பது என் பேச்சை மட்டும்தான். "ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கலாம்ணா" என்று நானும் தள்ளிப்போட்டேன்.

"நீ போய்ட்டு வா நைனா" என்றார். "நான் மூட்டையத் தூக்கிகினு ஏறுன எடத்துல நீ கைய வீசிகினு ஏறு. நடுக்கடல்லேர்ந்து ஒரு போன் போடு."

மாலை நாலு மணி. துறைமுகக் கூடத்தில் இரண்டு வரிசை. கிரெடிட் கார்டு உள்ளவர்கள் ஒரு வரிசை. கார்டை ஒரு தரம் தேய்த்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனார்கள். இல்லாதவர்கள் மற்றொரு வரிசை. கப்பலுக்குள் காசு கையில் புழங்காது. எல்லோருக்கும் ஒரு அட்டை. நம் வரிசைக்காரர்கள் முதலிலேயே டாலரில் முன்பணம் கட்ட வேண்டும். செலவு செய்யச் செய்ய அதில் கழியும், தீர்ந்தால் அட்டை நின்றுவிடும், மீதி இருந்தால் இறங்கும்போது உறையில் போட்டுத் தருவார்கள். குறைந்தபட்சம் நூறு டாலர். கூடத்திலேயே பணம் மாற்றும் கவுண்டர் இருந்தது; டாலருக்கு நாற்பத்தொன்பது ரூபாய். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கொடுத்து நூறு டாலர் கட்டினேன். கவுண்டரில் இருந்த பெண், "இன்னும் கொஞ்சம் மாத்திக்கங்க சார், உள்ளே ரூபாய் வாங்க மாட்டாங்க" என்று சொன்னாள். காதில் விழத்தான் செய்தது. இந்தியாவிலிருந்து கிளம்பும் கப்பலில் ரூபாய் செல்லாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டேன். ஏழாயிரத்து நூறு ரூபாய் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

மாலை ஆறரை. கப்பல் நகர்ந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை முழுக்க விளக்குகள். மேல்தளத்தில் எங்கள் கடைக்காரர் கூட்டம், என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். பக்கத்து அறைக்காரர் சலீம் பாய். வண்ணாரப்பேட்டையில் குழாய்க் கடையும் பெயிண்ட் வியாபாரமும். சிங்கப்பூர் போய் வருபவர், கார்டு வைத்திருப்பவர். அவருடைய செல்போன் துறைமுகத்தைத் தாண்டியதும் பொம்மையாகிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. டீக்கடைக்கு நாலு பேரோடு போனால் முதலில் "சொல்லுப்பா" என்றவன்தான் காசு கொடுக்க வேண்டும். இரண்டு ரூபாய் டீக்கு அந்தப் பழக்கம் அழகாகத்தான் இருந்தது. நான் வாய் சும்மா இல்லாமல் "எல்லாரும் இன்னா சாப்பட்றீங்கோ?" என்றேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒன்பது ஜூஸ் வந்தது, தலைக்கு நாலு டாலர். சலீம் பாய் பர்ஸை எடுக்கப் போனார், நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். பரிமாறும் கூலியோடு நாற்பத்தொரு டாலர் நாற்பது சென்ட். நோட்டை எண்ணிக் கொடுத்திருந்தால் கை கூசியிருக்கும். அட்டையை நீட்டியதில் ஒன்றுமே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. நான்கு பக்கமும் தண்ணீர். மணலி ஆலைகளின் புகைக் காற்றையே சுவாசித்த மூக்குக்குக் கடல் காற்று வெறுமையாகப் பட்டது. காலையில் பத்து காபி, அதுவும் நானே. முப்பத்தி நாலரை டாலர். ஏறும்போது எடுத்த இரண்டு போட்டோக்களை மாட்டி வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் காட்ட இரண்டையும் வாங்கினேன், இருபது டாலர். "முருகேசன்னா முருகேசன்தான்!" என்று திருவள்ளூர்க்காரர் ஒருவர் முதுகில் தட்டினார்.

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். அறைக் கதவடியில் ஒரு தாள் கிடந்தது. நான் செல்வியிடம் விட்டு வந்த பயண ஏஜென்சி நம்பருக்கு அவள் பேசியிருக்கிறாள். அவர்கள் கப்பலுக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனை ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே உடனே எடுக்க வேண்டும். அண்ணன் மறுக்கிறார். நான் சொன்னால் சம்மதிப்பாராம். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்தில் செல்வி காத்திருக்கிறாள். கீழே பூத்தின் நம்பர்.

அறையில் போன் இருந்தது. கரைக்குப் பேச நிமிடத்துக்கு எட்டு டாலர், குறைந்தது மூன்று நிமிடத்துக்கான பணம் அட்டையில் இருந்தால்தான் இணைப்பு. என் அட்டையில் நாலு டாலர் பத்து சென்ட் இருந்தது.

பன்னிரண்டரை. வரவேற்பு மேசைக்கு ஓடினேன். வெள்ளைச் சட்டை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இடுப்பிலிருந்து எடுத்த ரூபாய் நோட்டுகளை மேசையில் வைத்தேன். அவற்றைத் தொடாமல், ரூபாயைக் கணக்கில் ஏற்ற வழியில்லை, டாலர் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா என்று கேட்டார். தாளைக் காட்டினேன். வருத்தம் தெரிவித்தார். தெரிந்தவர்கள் யாராவது கப்பலில் இருக்கிறார்களா, அவர்கள் அறையிலிருந்து பேசலாமே என்றும் சொன்னார். இதை நான் மறைக்கவில்லை. வழியை அந்த மனிதர் பன்னிரண்டரை மணிக்கே சொல்லிவிட்டார்.

ஒன்றரை மணி. சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேரும் ஒரே மேசை. "வாங்க முதலாளி! சாயங்காலம் இன்னா வாங்கித் தரப் போறீங்கோ?" என்றார் திருவள்ளூர்க்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சலீம் பாய் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். "பாய், உங்க ரூம்ல ஒரு போன் பேசிக்கட்டுமா?" இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நேற்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தவன், இன்று அந்தக் கையைப் பார்த்து எப்படிக் கேட்பது என்று வாய் வரவில்லை. கேட்டால் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும், முருகேசனிடம் இருந்ததே நூறு டாலர்தான் என்று. வேறு வழி கிடைத்துவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். இதை எழுதும்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்று மணி. முன்பின் தெரியாத இரண்டு பயணிகளிடம் மட்டும் டாலர் மாற்றக் கேட்டேன். தெரியாதவர்களிடம் கேட்க வெட்கமில்லை. ஒருவர் தலையாட்டிவிட்டுப் போனார். இன்னொருவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

படிக்கட்டுக்குக் கீழே துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? மெட்ராஸா?"

"தண்டையார்பேட்டை."

"நம்ம வூடு திருவொத்தியூரு. ஏழுமலை. எட்டு மாசமா இங்க துணி தொவச்சிகினு கீறேன்."

அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கப்பலில் ரூபாய்க்கு மதிப்புத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

"இருவது டாலர் கீது. வூட்டுக்கு அனுப்ற துட்டுதான், ஆயிரம் ரூவாயா குட்துடு. ஆனா பெட்டி கீழ கீது, அஞ்சு மணிக்குத்தான் என்னை வுடுவானுங்கோ. நடுவுல எறங்கினா சீட்டுக் கிழிச்சிடுவானுங்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "உன்கூட வந்தவங்கோ யார்கிட்டயும் இல்லியா?"

"இல்ல" என்றேன்.

ஐந்து மணி பத்து நிமிடம். சொன்னபடி வந்தார். ஆயிரம் ரூபாய் கொடுத்து இருபது டாலர் வாங்கினேன். "பேசு நைனா, மொதல்ல பேசு" என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். வரவேற்பு மேசையில் வரிசை. பணம் கட்டி முடிக்க ஐந்து நாற்பது. அட்டையில் இருபத்து நாலு டாலர் பத்து சென்ட். சரியாக மூன்று நிமிடம்.

ஐந்து நாற்பத்தைந்து. பூத்துக்காரர் எடுத்தார். "கப்பல்காரரா? அந்தப் பொண்ணு இவ்ளோ நேரம் இங்கதான் சார் குந்திகினு இருந்துச்சு. இப்பத்தான் உள்ள போச்சு. இரு, கூட்டாறேன்." ரோடைத் தாண்டி ஓடியிருப்பார். போனில் பஸ் சத்தமும் ஹாரன் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இரண்டு நிமிடத்துக்கு மேல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மூச்சு வாங்கும் சத்தம்.

"சித்தப்பா."

"செல்வி, அண்ணன்கிட்ட சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு, கால எடுக்கட்டும்..."

"மூணு மணி வரிக்கும் நெனவு இருந்துச்சு சித்தப்பா. தம்பி பேசுனானா, பேசுனானான்னு கேட்டுகினே இருந்தாரு. இப்ப நெனவு இல்ல. இனிமே எடுத்தும் பிரயோஜனம் இல்லன்றாங்கோ." அழவில்லை அவள். "நீங்க பேசிட்டீங்கோ, சரின்னு சொல்ட்டீங்கோன்னு நான் ஒரு பொய்யி சொல்லியிருந்தா ஒத்துகினு இருப்பாரு. எனக்குத் தோணவே இல்ல சித்தப்பா. ஒரு பொய்யி..."

மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து சலீம் பாய் ஓடி வந்தார். தாளைப் படித்தார். மேலே எழுதியிருந்த நேரத்தையும் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு வந்த காயிதமா இது? முருகேசு, என் ரூம்ல போன் கீதே. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் அறையில் உட்கார வைத்து அவரே நம்பரைச் சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு மறுபடி. இந்த முறை பூத்துக்காரர் எடுத்தார். "முடிஞ்சிடிச்சாம் சார். அந்தப் பொண்ணு தனியாத்தான் கீது" என்றார். சலீம் பாய் எவ்வளவு நிமிடம் பேசினார், எவ்வளவு டாலர் போயிற்று என்று எனக்குத் தெரியாது. பின்னால் எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு, காலை ஐந்தரை. துறைக்குள் போக அனுமதி கிடைக்காமல் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. வடக்கே எண்ணூர் புகைபோக்கிகள் சிவப்பு விளக்கோடு தெரிந்தன. அதற்குத் தெற்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் காலடிப்பேட்டை இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு தளத்தில் நின்றேன். பத்துப் பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அன்று யாரும் எதுவும் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு இறங்கும்போது கணக்கு முடித்து ஒரு வெள்ளை உறை கொடுத்தார்கள். உள்ளே ஒரே ஒரு நாணயம், பத்து சென்ட். கார்டு இல்லாமல் கப்பலேறுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ரூபாயைத் துறைமுகத்திலேயே மாற்றிவிடுங்கள். போன் பேச என்று ஐம்பது டாலராவது தொடாமல் வையுங்கள். எல்லாம் தீர்ந்துபோனால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

வாசலுக்கு வெளியே வந்ததும் ரூபாய்க்கு மறுபடி உயிர் வந்தது. காலடிப்பேட்டைக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது. சலீம் பாயும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மஞ்சள் எஸ்.டி.டி. பூத்துகள், எதிலும் ஒரு ரூபாய் போட்டால் பேசலாம்.

தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு காலும் இருந்தது. வேட்டி மறைத்தும் மறைக்காமலும் அந்தக் கறுத்த பாதம் தெரிந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. செல்வி வந்து என்னைத் தூக்கி விட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டாள்:

"கப்பல்ல ஒங்களுக்குத் தெரிஞ்சவங்கோ ஒருத்தருமே இல்லியா சித்தப்பா?"

பந்தல் ஓரத்தில் சலீம் பாய் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தரும் இல்லம்மா" என்றேன்.