நோன்பு நாளில் கறந்த பால்

மிலோய்கோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவன் வயசுப் பெண்கள் எல்லாரும் ஸ்லாதிபோர் மலையை விட்டு இறங்கி டவுனுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு மிஞ்சியது தகப்பன் விட்ட தொழுவமும் ருமென்கா என்ற செவலைப் பசுவும்தான்.

ருமென்காவுக்கு ஏழு மாதம் தாண்டிய சினை. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறவையை நிறுத்தி, தவிட்டைக் குறைத்து, காய்ந்த புல்லை மட்டும் போட்டால்தான் மடிக்கு ஓய்வு. இருபது வருஷமாகத் தவறாமல் செய்கிறவன், இந்த வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

காரணம் மேட்டு வீட்டு தெசாங்கா. புருஷனை இழந்தவள். தினமும் மாலையில் ஜாடியோடு வந்து, அவன் கறந்து முடிக்கும்வரை கதவில் சாய்ந்து நிற்பாள். மழை, நரி, முட்டுவலி, அவ்வளவுதான் பேச்சு. அவள் போன பிறகு அதையே அவன் மனசுக்குள் திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பான். பால் நின்றால் அவள் எதற்கு வருவாள்?

மாட்டு டாக்டர் ரதிஷா வந்து மடியை அழுத்தினான். பால் பீச்சியது.

“ஏன்டா, இன்னுமா கறக்கிற? கன்னு எலும்பும் தோலுமா விழும்டா முட்டாப்பயலே!”

“தெசாங்காவுக்குக் கொஞ்சம் வேணும்டா.”

“அவளுக்கா? ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. ஊரே பால், முட்டை தொடலை. அவ எண்ணெயைக்கூடத் தொடமாட்டா. பால் குடிக்கிறாளாக்கும்!”

மிலோய்கோவும்தான் மூன்று வாரமாக வெறும் மொச்சையைத் தின்கிறான். இது ஏன் உறைக்கவில்லை?

மாலையில் அவள் வந்தாள். “என்ன மிலோய்கோ, இன்னும் கறக்கலையா நீங்க?”

“இனிமே கறக்கக்கூடாதுங்க. கன்னு போடுற வரைக்கும் வத்த விடணும்.”

அவள் ஜாடியைக் கை மாற்றிக்கொண்டாள்.

“நோன்புல அந்தப் பாலை என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டான்.

“பன்னிக்கு ஊத்தினேன்.” முகம் சிவந்துவிட்டது. “நல்லாத்தான் கொழுத்திருக்கு.”

அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது வேறு. “புல்லுல ஒரே தூசி. உதறிப் போடணும். ரெண்டு ஆள் இருந்தா சுளுவு.”

“ஒத்தை மாட்டுக்கு ரெண்டு ஆளா?”

“சினை மாடுங்க.”

“அப்ப நாலு ஆளுல்ல வேணும்!” வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் மடி கனத்து ருமென்கா கத்தியது. தொடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு மேட்டுப் பாதையையே பார்த்தான். அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. புல்லைத் தனியாக உதறினான், கண்ணெல்லாம் தூசி.

மூன்றாம் நாள் மடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. பொழுது சாயும் முன்பே அவள் இறங்கி வந்தாள், தோளில் புல் அள்ளி உதறுகிற ஒரு கவைக்கோலோடு.

“உங்க கவைக்கோல் உளுத்துப்போனதுன்னு தெரியும். அதான் என்னோடதுக்குப் புதுப் பிடி போட்டுக் கொண்டாந்தேன். அதுக்கே ரெண்டு நாளாச்சு.”

ரெண்டு ஆள் உதறியும், ருமென்காவுக்கு அன்று புல் வந்து சேர ரொம்ப நேரம் ஆனது.