நீங்களே பார்த்துச் செய்ங்க

திருச்சானூர் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது, "உனக்கு இன்னா வேணும்மா?" என்று மேனேஜர் கேட்டார். வாய்விட்டுக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று, "நீங்களே பார்த்துச் செய்ங்க சார்" என்றேன். தங்குவதற்கு மாடியறை தந்தார். வார லீவு தரவில்லை. இரண்டு வருடம், தீபாவளியன்றும் நானே கவுண்டரில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பின் சேர்ந்த பவானிக்கு ஞாயிறு லீவு. எப்படி என்றேன். "சேரும்போதே கேட்டுக்கினேன்க்கா" என்றாள்.

மறுநாள், "செவ்வாய்க்கிழமை லீவு வேணும் சார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். "எடுத்துக்கோ. நீ கேக்கவே இல்லியே" என்றார் மேனேஜர்.

இப்போதெல்லாம் எனக்கு வேண்டியதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த முதல் செவ்வாயை மறக்க முடியவில்லை. அரக்கோணம் போய் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த அம்மா பதறிப்போய், "வேலை போய்ட்ச்சாடி?" என்றாள்.