திருப்பிக் கொடுக்காத வாக்கு

நல்லையா மலாக்காவுக்கு வந்தது பாடுவதற்குத்தான். பேசுவதற்குக் கலியாணசுந்தரம் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவ சபை ஒன்று 1955-இல் இருவரையும் சேர்த்துக் கப்பலேற்றியது. ஒருவர் பிரசாரகர், மற்றவர் அவர் பேச்சுக்கு முன்னும் பின்னும் தேவாரம் பாடுகிறவர். மலாக்காவின் கஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழரின் வழிவந்த செட்டி மக்கள் இருக்கிறார்கள், கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அவர்களைத் தமிழுக்கும் சைவ ஒழுக்கத்துக்கும் கொண்டுவர வேண்டும். அதுதான் அனுப்பியவர்கள் சொன்னது.

அவர்கள் குடியிருப்பான கம்போங் செட்டியில் ஒரு குடும்பக் கோயிலுக்குப் பின்னால் அறை கிடைத்தது. ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற நல்லையா, ஒரே வருஷத்தில் மலாய் பழகிக்கொண்டார். தான் பேச அல்ல, பெரியவர் பேசுவதை எடுத்துச் சொல்ல. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது. சொல் இன்னொருவருடையது, பழி பாவமும் அவருடையதே.

செட்டி வீடுகளில் போகியன்று பரச்சு வைப்பார்கள். இறந்தவர்களுக்கான படையல் அது. அவரவர் உயிரோடு இருந்தபோது விரும்பித் தின்றதெல்லாம் வாழையிலையில் வரும். கோழி, இறால், பாராங் மீன் குழம்பு. இதைப் பார்த்துக் கலியாணசுந்தரம் துடித்துப்போனார். வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினார். கூடவே போய் நல்லையா மொழிபெயர்த்தார். முகத்துக்கு நேரே தலையாட்டிய அத்தனை பேரும் போகியன்று வழக்கம்போலக் கோழி அறுத்தார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் கேட்டது. நகராட்சியில் பியூனாக இருந்த பிச்சை, சாமி விளக்கைத் தொட்டு, இனி இந்த வீட்டுப் படையலில் மீனும் இறைச்சியும் வராது என்று வாக்குக் கொடுத்தான். பெரியவர் அவன் நெற்றியில் திருநீறு இட்டு அதை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம், 1957 போகிக்கு, பிச்சையின் செத்துப்போன தாய்க்குப் பூசணிக்காயும் பருப்பும் வைக்கப்பட்டன. நல்லையா பாடினார்.

மே மாதம் பிச்சை மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான்.

அவனுடைய அக்காள் இந்திரா பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழவில்லை. பிச்சையின் மனைவி மீனாச்சியைப் பார்த்து, மலாயில், வாசலில் நின்ற நல்லையாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்: “எங்கம்மாவுக்கு ஆட்டுக்குப் போடற மாதிரி இலைதழை போட்டீங்க. பசியோட திரும்பிப் போனவ சும்மா போவாளா? மகனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.”

இதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கலியாணசுந்தரம் கேட்டார். துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் நல்லையா சொன்னார்.

ஜூலையில் பிரசங்கத்தின் நடுவே பெரியவரின் வலது கை தொங்கிப் போயிற்று. வாய் கோணியது. பேச்சு திரும்பவே இல்லை. சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றிவிட்டு வந்த நல்லையாவுக்குச் சபையிலிருந்து கடிதம் காத்திருந்தது. இனி மலாக்காவின் பிரசாரகர் அவர்தான். வேறு ஆள் அனுப்பும் உத்தேசம் இல்லை.

முதல் பிரசங்கத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். ஒன்பது நிமிஷத்தில் அவருக்குச் சொல் தீர்ந்துவிட்டது. மறுவாரம் பன்னிரண்டு பேர். அப்புறம் நான்கு. அந்த நான்கில் ஒருத்தி மீனாச்சி.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வாரம் இருக்கும், வாசல்களில் காகிதக் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன, அவள் அறைக்கு வந்தாள். வருகிற போகிக்கு அவள் புருஷனுக்கு முதல் பரச்சு.

“மீன் இல்லாம அவர் சோத்துல கை வைக்கமாட்டார், குரு. உங்களுக்கே தெரியும். போலே கா?”

செய்யலாமா என்று கேட்கிறாள். விளக்கைத் தொட்டுக் கொடுத்த வாக்கு, கொடுத்தவன் செத்த பிறகும் வீட்டில் இருக்கும். வாங்கியவர்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் வாயிழந்து ஊர் போய்விட்டார். அவர் இடத்தில் இப்போது நல்லையா.

வைத்துக்கொள் என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். நாக்கு வரை வந்தது. ஆனால் இரண்டு வருஷ ஊழியத்தில் சபைக்குக் காட்ட இருந்தது அந்த ஒரு வீடுதான். அதைத் தன் கையால் அழிக்கலாமா? எழுதிக் கேட்கிறேன் என்றார். அவளும் சரியென்று போனாள்.

எழுதினார். அக்டோபரில் அவள் கேட்டாள். கடிதம் வரவில்லை என்றார். டிசம்பரில் கேட்டாள், மறுபடி எழுதியிருக்கிறேன் என்றார். அவள் கோபிக்கவில்லை. தபால் அலுவலகத்தில் இருந்த பொன்னுதுரை யாழ்ப்பாணத்து ஊர்க்காரர்; அவர்தான் சிரித்தார். “என்ன ஐசே, ஒவ்வொரு நாளும் வாறீர்? பொம்பிளையின்ர கடிதமோ?”

போகியன்று காலைத் தபாலில் இல்லை. மத்தியானத் தபாலுக்கும் நின்றார். பை முழுவதையும் கொட்டிக் காட்டிய பொன்னுதுரை, இன்றைக்குச் சிரிக்காமல், “இல்லை, போம்” என்றார்.

அங்கிருந்து நல்லையா ஓடினார். ஓடும்போதுதான் கடிதம் வேண்டியதில்லை என்று பட்டது. ஒரு சொல். அதைத் தானே சொல்லிவிடலாம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்து திரும்பினார். எல்லா வீட்டிலும் குழம்பு வாசனை. மீனாச்சியின் வீட்டிலும் மீன் வாசனை வந்தது. ஒரு கணம் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று.

உள்ளே இலை போட்டாயிற்று. விளக்கு எரிந்தது. இலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய். மீன் சட்டி அடுக்களையில் மூடியபடி இருந்தது. நல்லையா சம்மதம் கொண்டுவருவார் என்று விடிகாலையிலேயே சமைத்து வைத்திருந்தாள்.

“திருப்பித் தந்துட்டேன். வை, மீனை எடுத்து வை” என்றார், மூச்சு வாங்க.

அவள் எழுந்திருக்கவில்லை.

“கூப்பிட்டாச்சு, குரு. அவர் வந்து உக்கார்ந்துட்டார்.”

பேர் சொல்லி அழைத்த பிறகு இலையில் எதையும் சேர்ப்பதில்லை. மறந்துபோய்ப் பிறகு வைத்ததாக ஆகிவிடும். இறந்தவருக்கு அதைவிட அவமானம் இல்லை. நல்லையாவுக்கும் அது தெரியும். சுவரோரம் இருந்த இந்திரா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாடுங்கள் என்று மீனாச்சி கேட்டாள். பாடினார். அந்த அறையில் யாருக்கும் புரியாத பாட்டு, கடைசி அடிவரை.

பத்து நாள் கழித்துச் சபையின் பதில் வந்தது. விழா வேலைகளால் தாமதமாயிற்றாம். அது சிறிய விஷயம், உசிதம்போலச் செய்துகொள்ளவும்.

அதை அவர் மீனாச்சிக்குச் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன? மறுவருஷப் போகிக்கு அவள் வீட்டு இலையில் பாராங் மீன் இருந்தது. வைக்கலாமா என்று அவள் வந்து கேட்கவில்லை. நல்லையா இன்னும் பதினோரு வருஷம் கஜா பெராங்கில் இருந்தார், சபையின் பிரசாரகராக. அதற்கப்புறம் அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.