அண்ணரின் வலது கையும் நான் வாங்கிய ஜக்கும்

எங்கள் குடும்பத்தின் மூத்தவராகிய அண்ணர் கண்மூடி வருகிற பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்தன்று வழங்கும் இம்மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகளான என் பெறாமக்கள் என்னைக் கேட்டார்கள். அவரது வலது கையைப் பற்றி ஊரில் வழங்கும் கதை பொய், அந்தப் பொய்யை வளர விட்டவன் நான், அதையும் எழுத இடம் தந்தால் எழுதுகிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

அண்ணர் உரும்பிராயில் தோட்டம் செய்த குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பனாரான ஐயா இளவயதில் காலமானதால் அண்ணருடைய படிப்பு நின்றது. என்னுடைய படிப்பு நிற்கவில்லை. கொழும்பில் ஓர் அரசாங்கப் பொறிப்பட்டறையின் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்து அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் பட்டதாரியாகி விஞ்ஞான ஆசிரியனானேன்.

அந்தக் களஞ்சியத்தில் அவருக்கு வாய்த்த வேலை, உடைந்து திரும்பி வரும் கருவிகளைப் பொறுப்பேற்றுப் புதியவற்றைக் கொடுப்பது. வாய் விரிந்த ஸ்பனர்களும் தலை பறந்த சுத்தியல்களும் நாள்தோறும் அவர் மேசைக்கு வந்தன. சில கருவிகளோடு, அவற்றைப் பிடித்தவரின் கைக்கட்டும் சேர்ந்து வந்ததாம். எது ஏன் உடைகிறது என்பதை அவர் அங்கேதான் கற்றார்.

ஐம்பத்தாறாம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத்தில் சித்தியடையாதவர்களுக்கு உத்தியோகத்தில் எதிர்காலமில்லை என்றானபோது, அண்ணர் முன்கூட்டியே ஓய்வு பெற்று அண்ணியோடும் பிள்ளைகளோடும் ஊருக்கு வந்தார். பழைய ஒஸ்ரின் கார் ஒன்றையும் ஒரு பெட்டி நிறையக் கருவிகளையும் கொண்டு வந்தார். அந்தக் கார் கராச்சு வாசலைக் கண்டதேயில்லை. பிரேக், கிளச், எஞ்சின் எல்லாம் அவர் கையாலேயே நடந்தன. ஸ்பனர் இரவல் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார். ஆனால் அதோடு தானும் போவார். "இரவல் கேட்டது ஸ்பனரை, வந்தது மாமாவும்" என்று எங்கள் மருமக்கள் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், யார் கருவி வாங்குவதானாலும் முதலில் அவரிடம் வருவார்கள். ஸ்பனரை நட்டில் மாட்டி ஆட்டிப் பார்ப்பார். "ஆடுற ஸ்பனர் நட்டையும் தின்னும், கையையும் தின்னும்" என்பார். மின்சாரத்தில் துளை போடும் ட்ரில் மெசின் ஒன்றை ஒருவர் புதிதாகக் கொண்டு வந்தபோது, அதைப் பத்து நிமிடம் சும்மா ஓட விட்டு, அதன் உடம்பைத் தொட்டுச் சூடு பார்த்து, திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பளபளப்பைக் கண்டு அவர் எதையும் வாங்கியதில்லை.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. காரைத் தூக்கி நிறுத்தும், எண்ணெய் அமுக்கத்தில் இயங்கும் ஜக்கின் வளையம் தேய்ந்துபோக, மாற்று வளையம் எங்கும் கிடைக்கவில்லை. எழுபத்தேழுக்குப் பிறகு கடைகள் திரும்ப நிறைந்தன. அடுத்த ஆண்டு நான் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போகையில், ஒரு ஜக் வாங்கி வரும்படி அண்ணர் சொன்னார். கடை வாசலில் நிற்கும் வாகனமொன்றை அதனால் தூக்கி, அரை மணித்தியாலம் விட்டு, இறங்குகிறதா என்று அளந்து பார்த்தே வாங்க வேண்டும் என்றார். கடைக்காரன் ஏசினாலும் விடாதே என்றும் சொன்னார்.

கடைக்காரர் ஏசவில்லை, சிரித்தார். "என்ன மாஸ்டர், பிள்ளைகளுக்கு மாதிரி ஜக்குக்கும் சோதனை வைக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆனாலும் சம்மதித்து, வாசலில் நின்ற வானைக் காட்டினார். நான் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் முழந்தாளிடக் குனிந்த வேளை, ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் என் பழைய மாணவர், அப்போது பெரிய உத்தியோகத்தர். "சேர், நீங்களோ? என்ன செய்யிறியள் இதிலை?" என்றார். நான் நிமிர்ந்து வேட்டியை இறக்கிவிட்டேன். ஒன்றுமில்லை, ஒரு சாமான் வாங்க வந்தேன் என்று சொல்லி, ஜக்கைக் கட்டித் தரும்படி கடைக்காரரிடம் கையைக் காட்டினேன். அந்த மாணவரின் காரிலேயே தங்குமிடத்துக்குப் போனேன்.

வீட்டில் அண்ணர் ஜக்கைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தார்.

"பாரம் வைச்சுப் பாத்தனியே?"

"ஓம் அண்ணை. அரை மணித்தியாலம் அசையாமல் நிண்டது."

"அப்ப சரி. நீ பாத்தால் நான் பாத்த மாதிரித்தானே."

வேறு யார் கொண்டு வந்திருந்தாலும் அவர் திரும்பச் சோதித்திருப்பார். என் சொல்லைச் சோதிப்பது என்னை அவமதிப்பது என்று நினைத்தார் போலும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நெல்லியடியில் ஒரு சம்பந்தப் பேச்சுக்குப் போகவேண்டியிருந்தது. முன்சக்கரத்தில் சத்தம் கேட்கிறது, கழற்றிப் பார்த்துவிட்டுப் போவோம் என்றார் அண்ணர். காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். இனி, எப்போதும் போலப் பனங்குற்றியைக் காரின் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அவர் குற்றியை எடுக்கத் திரும்பியபோது நான் ஜக்கைப் பார்த்தேன். அதன் தண்டில் எண்ணெய் ஈரமாகப் பளபளத்த பகுதி குறைந்திருந்தது. ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. என் கண் முன்னாலேயே இன்னும் இறங்கியது.

பிரியமானவர்களே, இந்த இடத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். "அண்ணை, இறங்குது" என்ற இரண்டு சொற்கள் என் வாயில் இருந்தன. சொன்னால், அரை மணித்தியாலம் நின்றதென்றாயே என்று அவர் கேட்பார். அதற்கு என்ன மறுமொழி என்று யோசித்தேன். சக்கரத்தைப் பிடித்தபடி மூன்று நான்கு மூச்சளவு யோசித்தேன். அதற்குள் அவர் குனிந்து, குற்றியை வலது கையால் உள்ளே தள்ளினார். ஜக் ஒரேயடியாக அமர்ந்தது.

அவர் கத்தவில்லை. "தூக்கு, தூக்கு" என்று மட்டும் சொன்னார். அண்ணியும் அயலவர் இருவரும் ஓடிவந்த பிறகே எங்களால் தூக்க முடிந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்றாவது விரல் பிறகு மடங்கவேயில்லை.

மூன்றாம் நாள், அண்ணி தேநீர் வாங்கப் போயிருந்த வேளையில், அண்ணர் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"தம்பி, கொழும்பிலை எவ்வளவு நேரம் பாத்தனி?"

"அரை மணித்தியாலம் அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன் பின் அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என்ரை கவலையீனம். குற்றியை முதல் வைச்சிருக்க வேணும்" என்றே சொன்னார்.

ஊர் அதை நம்பியது. அதோடு தன்பாட்டில் ஒன்றைச் சேர்த்தும் கொண்டது. ஊருக்கெல்லாம் சாமான் தெரிவு செய்து கொடுத்த மனிதர், தனக்கு வாங்கும்போது மட்டும் மலிவு பார்த்துவிட்டார் என்றார்கள். அவரிடம் கேட்டுக் கருவி வாங்க வருவது நின்றது. செத்த வீடொன்றில், அவர் காதுபடவே ஒருவர், "சாமான் பாக்கப் படிப்பிச்ச வாத்தியாரே பெயிலாம்" என்றார். பக்கத்தில் இருந்த நானும் கேட்டேன். அண்ணர் நிலத்தைப் பார்த்தார். நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் அவர் காரை விற்றார்.

கடைசி இரண்டு ஆண்டுகளும் நெஞ்சு வருத்தத்தோடு படுக்கையில் இருந்தார். ஒவ்வொரு மாலையும் நான் போய் அருகில் இருப்பேன். ஒவ்வொரு மாலையும் சொல்ல நினைத்து, மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வருவேன். அவர் எல்லாம் அறிந்துதான் என்னைக் காப்பாற்றினாரா, உண்மையாகவே தன் பிழையென்று நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டறியக் கூடிய நாட்களை நான் வீணாக்கினேன்.

அண்ணர் கருவியில் மலிவு பார்த்தவரல்லர், கவலையீனமானவருமல்லர். தம்பியின் சொல்லை நம்பியது ஒன்றே அவர் செய்தது. தயவுசெய்து இனி யாரும் வேறு கதை சொல்ல வேண்டாம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். பூக்கட்டிக்கொண்டிருந்தவர் கடைசிவரை கையை நிறுத்தவில்லை. "தம்பி, இதை அவர் உயிரோடை இருக்கேக்கை சொல்லியிருக்கலாமெல்லே" என்றார். ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னோடு கதைக்கவுமில்லை.

அன்று காரைத் தூக்க ஓடிவந்த அயலவர்க்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவர்க்கும், இறுதி நாட்களில் வைத்தியம் பார்த்தவர்க்கும், கிரியைகளில் கூட நின்ற உற்றார் உறவினர்க்கும், வலது கையின் குறை தெரியாமல் ஊட்டியும் உடுத்திவிட்டும் பார்த்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் திவசப் பந்தலின் பின்வரிசையில் இருப்பேன். கேட்க வேண்டியதை நேரில் வந்து கேளுங்கள். எழுந்து போக மாட்டேன்.

தம்பி