லம்ஜத் வச்ச நோன்பு

லம்ஜத் எங்க ஊர் முடிவெட்டுறவன். கத்தியைக் கன்னத்துல வச்சான்னா நமக்குத் தூக்கம் சொக்கும். ஆனா வாய் ஓயாது. என் வழுக்கையைத் தடவிக்கிட்டே, "அண்ணே, ஒங்களுக்கு வெட்டுறதுக்கு இல்ல, தேடுறதுக்குத்தான் கூலி"ம்பான். படுபாவி!

இருபது வயசுல அவனுக்கு மனசு தடம் புரண்டுச்சு. ஒரு மாசம் தூங்காம தெருத் தெருவா முழங்குவான், அடுத்த மாசம் போர்வைக்குள்ள கிடந்து சாகணும்பான். உள்ளூர் டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. தலைநகர் துனிஸ்ல, அரசாங்கத்தோட மனநல ஆஸ்பத்திரியில, இந்த நோய்க்குன்னே ஒரு தனிப் பிரிவு. அங்க ஒரு டாக்டரம்மா லித்தியம்னு உப்பு மாத்திரை கொடுத்தாங்க. மாசாமாசம் ரத்தத்துல அந்த உப்பு எவ்வளவுன்னு பாக்கணும். எங்க சுரங்க ஊருக்கு அந்தச் சோதனை துனிஸை விட்டா வேற கதியில்ல. என் வாடகை வண்டியிலதான் போவான். ஆளு தேறித் தங்கமாயிட்டான்.

அப்பத்தான் தையல்காரி நஜ்லா மேல பிரியம் வந்துச்சு. அவளுக்கும்தான். பொண்ணு கேக்க நாங்க போனோம். அவ வாப்பா தையிப் சொன்னாரு: "புத்தி பேதலிச்சவனுக்குத்தான் நோன்பு கடமையில்ல. இவனுக்குப் புத்தி சரின்னா இந்த ரமலான் முழுசும் வைக்கட்டும். பெருநாள் முடிஞ்சதும் நிக்காஹ்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நோயாளிக்கும் விலக்கு உண்டுதானே? நீங்க சர்க்கரைன்னு சொல்லிப் பகல்ல சாப்பிடுறீங்களே, ஒங்களை யாராச்சும் பைத்தியம்னாங்களா?"

"அது சீக்கு. இது வேற"ன்னாரு மனுஷன். லம்ஜத் நோன்பு வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டான்.

அந்த வருஷம் ரமலான் ஜூலையில. வெயில் கொளுத்துது. 'கோடையில நோன்பு வேண்டாம், உடம்புல தண்ணி வத்துனா இந்த உப்பே விஷமாயிடும்'னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போனா மறுபடி தடுப்பாங்கன்னு அந்த மாசம் துனிஸுக்கே வரலை அவன். "பெருநாள் கூட்டம் அண்ணே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னான்.

கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. ஒருத்தர் காதைக் கீறிட்டான். வாந்தி எடுத்தான். நோன்புக் களைப்புன்னு ஊரு சொல்லிச்சு, கூடவே புகழ்ந்துச்சு. கடை வாசல்ல குடிகாரன் கணக்கா தள்ளாடி, நாக்குக் குழறி நின்னவனைப் பாத்தப்பத்தான் இது வெறுங் களைப்பில்லைன்னு எனக்கு உறைச்சுச்சு. அள்ளி வண்டியில போட்டேன். நஜ்லா யாரையும் கேக்காம ஏறி உக்காந்தா.

வழியில அவ தண்ணி பாட்டிலைத் திறந்தா. இவன் உதட்டை இறுக்கிக்கிட்டான்.

"குடிடா! பயணிக்கு விலக்கு இருக்கு. நோயாளிக்கும் இருக்கு!"ன்னு கத்தினேன்.

"எல்லா விலக்கும்... எனக்கே வேணுமா அண்ணே?" அப்படின்னு குழறினான். "இன்னும்... நோன்பு திறக்கப் பாங்கு சொல்லலையே."

கைரவான் தாண்டினதும் எங்களை அடையாளம் தெரியலை அவனுக்கு. அவ முக்காட்டு முனையை நனைச்சு உதட்டுல வச்சுக்கிட்டே வந்தா. டாக்டரம்மா ஓடி வந்தாங்க, ரத்தம் பாத்தாங்க, வாயில கை வச்சுக்கிட்டாங்க. கிட்னி நின்னுபோச்சு. மெஷின்ல போட்டும் பிடிச்சு நிறுத்த முடியலை. மறுநாள் விடியல்ல போயிட்டான். பாழாப்போன என் கண்ணு முன்னால!

துக்க வீட்டுக்குத் தையிப்பும் வந்தாரு. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு. நடிப்பில்ல, நெசமான அழுகைதான். "இந்தப் புள்ளையை மாதிரி நோன்பாளி இந்த ஊர்லயே இல்ல. இவனுக்கா புத்தி சரியில்லைன்னேன்!"

நஜ்லா கண்ணுல ஒரு சொட்டு இல்ல. வாப்பா தோள்ல கை வச்சா.

"அவருக்குப் புத்தி சரியில்லாம இருந்திருந்தா, இந்நேரம் உசுரோட இருந்திருப்பாரு வாப்பா"ன்னா.