தம்பி செய்த மூக்கு

பேத்தியின் பள்ளியில் மாலை நேர ரோபாட்டிக்ஸ் கிளப் ஆரம்பிக்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் என்பதால் என்னைத் தொடங்கி வைக்கச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒரு கிளப்பை ஒழித்துக்கட்டியவன் நான். அதை மறைத்துக்கொண்டு அந்த மேடையில் ஏறக் கூசியது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. இராஜபாளையத்தில் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். அவருடைய தங்கை, என் அத்தை, மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறிக்கூடத்தின் பின்னறையைக் கொடுத்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை வைத்து எந்திரம் செய்யும் கிளப் ஒன்று நடத்துவேன் என்றாள்.

“கிளப்பா? இட்லி, காப்பி போடப் போறியா தாயி?” என்று அப்பா சிரித்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிளப் என்றால் பலகாரக் கடைதான்.

ஆனாலும் அறையைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. விஜயதசமியன்று பிள்ளைகள் செய்த எந்திரம் அவர் கண் முன்னால் ஒழுங்காக ஓட வேண்டும். ஓடினால் அறை அத்தைக்கு. கல்யாணப் பேச்சும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஓடாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்.

ஏழு பிள்ளைகள் சேர்ந்தோம். முதலில் சேர்ந்தவன் நான் என்பதால் நானே தலைவன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டார்ச் பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி ஒன்றைச் செய்தோம். நூல்கண்டைச் சுமந்து மேசையின் மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். போனது. போய்க் கீழே விழுந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அதுவரை எங்களுக்குக் கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் ஒன்பது வயதுத் தம்பி, மேசை ஓரத்தில் ஒரு கட்டையை வைத்தான். வண்டியின் முன்னால் இரண்டு செப்புத் தகடுகளை மூக்கு மாதிரி நீட்டினான். கட்டையில் முட்டியதும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டன. அத்தை கம்பி சுற்றிச் செய்திருந்த மின்காந்தம், மோட்டாரைத் திருப்பி ஓட்டும் சுவிட்சைத் தட்டிவிட்டது. வண்டி பின்னால் ஓடி வந்தது.

“ஏலே, இது யோசிக்குதுல்லா!” அத்தை அவனைத் தூக்கிச் சுற்றினாள்.

என்னை அவள் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை. அன்றிலிருந்து வண்டிக்கு மூக்கன் என்று பெயர். பிள்ளைகள் தம்பியிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். அத்தை எதைச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவனுக்கோ துளிக் கர்வமும் இல்லை. எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது. “அண்ணே, இதப் பாரேன்” என்று என்னிடமே ஓடி வருவான். “பெரிய இவரு. போலே அங்குட்டு” என்பேன்.

ஆயுத பூஜையன்று தறிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக் காலையில்தான் மறுபடி ஓட்டலாம். அதுவரை தொடக் கூடாது. மூக்கனையும் சாமி முன்னால் வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக அதற்குப் பொட்டு வைத்தோம். என் முறை வந்தபோது நான் ஒரு பொட்டு கூடுதலாக வைத்தேன், செப்புத் தகடுகளின் உட்பக்கத்தில், நகத்தால் அப்பி. காய்ந்த சந்தனம் மின்சாரத்தை விடாது. அந்தப் பாடம் அத்தை நடத்தியதுதான்.

அத்தையின் கல்யாணப் பேச்சு எனக்கு நினைவிருந்தது. கல்யாணம் என்றால் புதுச்சட்டை, லட்டு. அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை அப்பா முன்னால் மூக்கன் கிளம்பியது. கட்டையில் முட்டியது. திரும்பவில்லை. முட்டிக்கொண்டே கட்டையைத் தள்ளிப்போய், அதோடு சேர்ந்து கீழே விழுந்து உடைந்தது. தம்பி தேம்பி அழுதான். அந்த அழுகை அப்போது எனக்கு இனித்தது.

அத்தை குனிந்து எடுத்துத் தகடுகளை விரித்துப் பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“எவம்லே சந்தனத்த அதுக்குள்ள அப்புனது?” அப்பாவின் கை பெல்ட்டுக்குப் போயிருந்தது.

“நான்தாண்ணே. பொட்டு வைக்கையில உள்ள எறங்கிட்டு” என்றாள் அத்தை.

“எம்புட்டுப் படிச்சு என்ன செய்ய? சரி, பேச்சு பேச்சுதான்.”

“ஆமாண்ணே. பேச்சு பேச்சுதான்.” இடுப்பிலிருந்த அறைச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை மூக்கனுக்குப் பொட்டே வைக்கவில்லை. பி.எஸ்ஸி. படித்தவளுக்கு இவ்வளவு மறதியா என்று நினைத்தேன்.

தை மாதம் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்ட நேரம், அத்தை மூக்கனுக்குத் திருகாணி முடுக்கிய தன் திருப்புளியை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். தம்பி கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி வந்து, என் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடினாள்.

“நீ வச்சுக்கய்யா. இது ஒனக்குத்தான் வேணும்.”

அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணப் பெண்கள் அழுவது வழக்கம்தானே. கடைசியில் என் திறமை அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எண்ணி, அவள் ஏறிய கார் தெரு திரும்புவதற்கு முன்பே அதைத் தம்பியின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.